கப்பலூர் தாண்டிவிட்டாள்

இதைப் படிப்பதற்கு முன்னால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள், டாக்டர் தீப்தி. நீங்கள் நின்றுகொண்டே காகிதங்களைப் படிக்கிறவர் என்பதைப் போலீஸ் என்னை மனநலப் பரிசோதனைக்கு உங்களிடம் கூட்டிவந்த போன வாரமே கவனித்தேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் இருக்கட்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தொழில் பழக்கம்.

வாயால் சொல்ல வராவிட்டால் எழுதித் தாருங்கள் என்று கோடு போட்ட நோட்டு ஒன்று கொடுத்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதுவும் பேச்சாகத்தான் நினைவில் நிற்கும். அன்றைக்கு யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால் தெரியாது. என்ன சொன்னார்கள், அதைக் கேட்டவர்கள் முகம் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஐம்பது வருஷத்துக்கு முந்தியதையும் சொல்வேன். அதனால் இதில் அங்கங்கே பேச்சு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அவனியாபுரம் காம்பவுண்டில் மூன்று வீடுகள். முதல் வீட்டில் நான், கனகலட்சுமி, அறுபத்தொரு வயது. நடுவீட்டில் அனந்தபத்மநாபன் சார், ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். கடைசி வீட்டில் ஜெயினம்பு. சார் எப்படி இறந்தார் என்பதுதான் விஷயம். மாரடைப்பு என்று அன்றைக்கு வந்து பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது சரிதான். இன்ஸ்பெக்டர் பீமாராவிடம் நான் சொன்னதில்தான் உண்மை குறைவு. உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். அது உண்மை.

இருபத்தாறு வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் இருந்தேன். டோக்கன் கொடுப்பது, பேர் எழுதுவது. அதோடு இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. உள்ளே யாராவது இறந்துபோனால், டாக்டர்கள் வெளியே வந்து என்னைத் தேடுவார்கள். "கனகம்மா, நீங்க சொல்லிருங்க. நீங்க சொன்னா அவங்க தாங்கிக்கிறாங்க." நான் போய்ச் சொல்வேன். முதலில் உட்காரவைக்க வேண்டும். தண்ணீர் கையில் கொடுக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு, உறவு முறையைச் சொல்லி, ஒரே வாக்கியத்தில் முடித்துவிட வேண்டும். இழுக்கக் கூடாது. அக்கம்பக்கத் தெருக்களிலும் சாவு விழுந்தால் கேதம் சொல்ல என்னைத்தான் அழைத்துப்போவார்கள். "கனகம் கையப் பிடிச்சா பாதி துக்கம் எறங்கிரும்" என்பார்கள்.

உங்கள் படிவத்தில் மிருகங்களைத் துன்புறுத்தியதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை. எங்கள் வீட்டுப் பூனை பதினாலு வருஷம் இருந்து, வயசாகிப் போனது. நெருப்பு வைத்ததுண்டா, திருடியதுண்டா, அதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை, டாக்டர். மற்றவர்கள் அழும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

எனக்குப் பத்து வயதில் அப்பா இறந்தார். லாரியில் மூட்டை ஏற்றும்போது தவறி விழுந்தார். நல்ல மனிதர், என்னை அடித்ததே இல்லை. அம்மா அப்போது பூ மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். முத்திருளன் மாமா என்னைக் கூட்டிப்போனார். மார்க்கெட் வாசல் வந்ததும் நின்றுவிட்டார். "நீ போயிச் சொல்லு தாயி, என்னால முடியல" என்றார். நான் போய்ச் சொன்னேன். "அம்மா, அப்பா லாரியில இருந்து விழுந்து செத்துட்டாரு."

அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. இன்னும் மூன்று பூவை வைத்து, நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டன. பிறகுதான் முகம் வந்தது. உள்ளே இருந்து ஏதோ ஒன்று எழுந்து வந்து முகத்தை உடைத்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குள் அப்படி எதுவும் எழவில்லை. அப்பாவை நினைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முதலாக வெட்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் புத்தகம் கொண்டுவந்த நாளில் நான் மட்டும் வெறும் பையோடு வந்த மாதிரி. அம்மாவின் முகத்தைப் பார்த்து அதே மாதிரி வாயைக் கோணினேன். எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

அதிலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வெறும் பை என்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே. ஆஸ்பத்திரி வேலையும் அதற்குத்தான் உதவியது என்று நினைத்திருந்தேன். ஆனால் கற்றுக்கொண்ட பிறகும் பார்க்க வேண்டியிருந்தது. அந்த முகம் உடையும் நொடியில் எனக்கு உடம்பெல்லாம் வெதுவெதுப்பாகும், மார்கழிக் காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது போல. ஒன்றை இப்போதே ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை, கணவனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே இருந்த பெண் போனில் தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். "உங்கப்பா வரட்டும், ஒன் வாலை நறுக்கச் சொல்றேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் ஐந்து நிமிஷம் தூண் பக்கத்தில் நின்று, அவள் நன்றாகச் சிரிக்கிறவரைக்கும் காத்திருந்து, பிறகு போய்ச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் உடைவது வேறு மாதிரி. அது தப்பு. அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு மூன்று வருஷமாக எனக்கு யாருக்கும் சொல்ல வேண்டிய வேலை வரவில்லை. ஆள் சாகாமல் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. ஒரு குத்துவிளக்குப் படம், கீழே ஆழ்ந்த இரங்கல். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர்கள் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியும் அத்தை, குரூப்ல வந்துருச்சு. காப்பி சாப்புடுறீங்களா?" என்கிறார்கள். போன சித்திரையில் துக்கம் நடந்த ஆண்டிச்சாமி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரே ஒட்டிவிட்டார்கள். ஈரம்கூடக் காயவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எதற்கு அப்படி வாடிப்போனேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சாருடைய மகள் ஸ்ரீஜா திருமங்கலத்தில் கணக்கு டீச்சர். அம்மா இல்லாத பெண். ஞாயிற்றுக்கிழமை வருவாள், அப்பாவோடு சண்டை போடுவாள். "ஊறுகாயக் கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்னேன்ல?" "ஊறுகாய நான் எங்க பாத்தேன், அதுதான் என்னையப் பாத்துச்சு." கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். "அத்தை, அப்பாவுக்கு ஏதாச்சும்னா மொதல்ல எனக்கு ஒரு போன் போட்டுருங்க. ஆஸ்பத்திரியில இருந்தவங்க நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் அங்க நிம்மதியா இருக்கேன்." எந்நேரமும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் முகம் அவளுக்கு.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே முக்கால். அகத்திக்கீரை கொடுக்கப் போனேன். சார் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேலுதட்டில் வியர்வை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"கனகம், நெஞ்ச என்னமோ பண்ணுது. இந்தப் பக்கம் தாடை வரைக்கும் இழுக்குது."

அது என்ன என்று எனக்குத் தெரியும், டாக்டர். இருபத்தாறு வருஷம் அந்த வியர்வையைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வாசலிலேயே கொடுத்துக் கடிக்கச் சொல்கிற மாத்திரை என் வீட்டு அலமாரியில் ஒரு அட்டை இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தெருமுனையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் பன்னிரண்டு நிமிஷம்.

"ஸ்ரீஜாவுக்கு ஒரு போன் போடும்மா. கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல" என்று அவருடைய போனை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவள் பெயர் முதலிலேயே இருந்தது. என் விரல் அதன் மேல்தான் இருந்தது. போன் போட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அங்கிருந்து இங்கே வருகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழுவாள். வந்து சேரும்போது முகம் பழசாகியிருக்கும். அவ்வளவுதான் நினைத்தேன். போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

"சொல்லிட்டேன் சார். கெளம்பிட்டா."

"108-ஐக் கூப்பிடலாமா?"

"நானும் கேட்டேன். வேணாங்குறா. கூட வேல பாக்குற டீச்சர் கார்ல வாராளாம். அப்படியே கார்லயே கூட்டிட்டுப் போயிருவாளாம். ஆம்புலன்ஸு சத்தம் கேட்டா நீங்க பயந்துருவீங்களாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "நான் பயப்படுறேனா? அவதான் பயந்தாங்கொள்ளி." தலையணையில் சாய்ந்துகொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார். "எங்க வந்திருக்கா?"

"திருமங்கலத்த விட்டு வெளிய வந்துட்டா சார்."

"இப்ப?"

"கப்பலூர் டோல்கேட்ல நிக்கிறாளாம். கூட்டமாம்."

"அங்க எப்பவுமே அம்புட்டுக் கூட்டம்தான்." மூச்சு வாங்கினார். "இப்பத் தாண்டிருப்பாளா?"

இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். "கப்பலூர் தாண்டிட்டா சார்."

அந்த நேரத்தில்தான் ஜெயினம்பு கதவைத் தட்டினாள், வாங்கிப்போன இட்லிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க. நான் பாதிக் கதவைத் திறந்தேன்.

"என்னக்கா, சாருக்கு மேலுக்கு முடியலையா?"

"லேசா வாயுத் தொல்ல. படுத்திருக்காரு."

உள்ளேயிருந்து சார் குரல் கொடுத்தார். "ஜெயினம்பு, ஸ்ரீஜா வந்துக்கிட்டு இருக்கா. கப்பலூர் தாண்டிட்டா."

"ஆத்தே, இன்னைக்கி ஞாயித்துக்கெழம இல்லையே? அப்ப மீன் கொழம்பு வச்சுத் தாரேன், புள்ள சாப்பிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கதவைத் தாழ் போட்டேன்.

தோப்பூர் தாண்டினாள். திருநகர் வந்தாள். திருநகர் என்றதும் சாருக்கு முகம் மலர்ந்தது. "அங்கதான் குடியிருந்தோம். சின்னப்புள்ளையில பஸ்ல வாரப்ப கண்டக்டரு மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பாச் சொல்லிக்கிட்டே வருவா. ஒரு தடவ நெசக் கண்டக்டரே, பாப்பா, விசில நீயே வச்சுக்கன்னுட்டான்." அதைச் சொல்ல அவருக்கு நாலு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது.

இதைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு முறை எழுந்து என் வீட்டுக்குப் போனேன். மாத்திரை அலமாரியைத் திறந்தேன். அட்டையைக் கையில் எடுத்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம், யாரும் என்னைத் தடுக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"திருப்பரங்குன்றம் வந்துட்டாளா?"

"வந்துட்டா சார்."

"அப்ப இன்னும் பத்து நிமிசம்."

"பத்தே நிமிசம்."

"அந்தச் சட்டைய எடும்மா. பனியனோட இருந்தா திட்டுவா."

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு கையாக நுழைத்தேன். பொத்தான் போட்டேன். மூன்றாவது பொத்தானில் அவர் இறந்துபோனார். மீதி இரண்டையும் போட்டேன். மணி பதினொன்று ஐந்து. எண்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அவர் பயப்படவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மகள் திருப்பரங்குன்றத்தில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு போனார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு அது வாய்க்கவில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். இப்படிப்பட்ட செய்தியை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் நான் சொன்ன ஊர்களெல்லாம் தலைகீழ் வரிசையில் ஜன்னலில் வந்தன. கப்பலூரில் கூட்டம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளை. டீச்சர்கள் அறையில் நாலைந்து பேர் டிபன் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றேன். ஸ்ரீஜா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கப்பாகிட்டச் சொன்னா, ஊறுகாய்தான் அவரப் பாத்துச்சாம்!" எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம். அப்போது உள்ளே போனேன்.

உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். "ஸ்ரீஜா, அப்பா போயிட்டாரும்மா."

அவள் முகம் உடையவில்லை. என்னையே பார்த்தாள்.

"எத்தன மணிக்கி?"

"பதினோரு மணிக்கி."

"இப்ப ஒன்னு ஆகப்போகுது. ஏன் போன் பண்ணல?"

"நேர்ல சொல்லணும்னு..."

"அப்பா தனியாவா கெடக்காரு?" என்றாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். "என்ன அத்தை, எதுக்கு என் மூஞ்சியவே இப்பிடிப் பாக்குறீங்க?"

அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அலமாரி இருந்தது. அதில் தெரிந்தேன். பந்தியில் இலை போட்டாகிவிட்டது, சாதம் இன்னும் வரவில்லை, சமையல்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறவளின் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. எல்லா டீச்சர்களும் பார்த்தார்கள். பத்து வயதிலிருந்து மூடி வைத்திருந்த வெறும் பையை நடு வகுப்பில் யாரோ கவிழ்த்துக் கொட்டின மாதிரி இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுவதாக நினைத்து ஒரு டீச்சர் முதுகைத் தடவினாள். வெட்கத்தில் காது கொதித்தது.

அன்றிலிருந்து கண்ணாடி பார்ப்பதில்லை. தலையைத் தடவித் தடவித்தான் வாருகிறேன். நீங்கள் கேட்ட வெட்கம் இதுதான், டாக்டர். இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்க வேண்டும் என்று தெரிகிறது. நீங்கள் எதிர்பார்த்தது அதைத்தான் என்பதும் தெரிகிறது. தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

மூன்றாம் நாள் ஜெயினம்பு ஆறுதல் சொல்வதாக நினைத்து ஸ்ரீஜாவிடம் சொன்னாள். "நீ வாரேன்னு சந்தோசமாத்தேன் இருந்தாகம்மா. கப்பலூர் தாண்டிட்டான்னு அவுக வாயாலயே சொன்னாக." அந்த நேரத்தில் ஸ்ரீஜா ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பினாள். மறுநாள் போலீசுக்குப் போனாள். அவருக்கு நினைவு தடுமாறி உளறினார் என்று நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அதுதான் பொய். அவர் கடைசிவரை தெளிவாக இருந்தார். அவரை நான் சாக விட்டேன். அவள் முகத்துக்காக. எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்ரீஜாவுக்குக் கப்பலூர் மட்டும்தான் தெரியும். எண்பது நிமிஷம் தெரியாது. மாத்திரை தெரியாது. திருநகர் என்றதும், கண்டக்டர் அவளிடம் விசிலை வைத்துக்கொள்ளச் சொன்னதை அப்பா சொன்னது தெரியாது. அவள் திட்டுவாள் என்று சட்டை போட்டுக்கொண்டது தெரியாது. இதையெல்லாம் யாராவது அவளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்ஸ்பெக்டரிடம் விட்டால் போனில் சொல்லிவிடுவார். அப்பாவை இழந்த பெண்ணிடம் அப்படிச் சொல்லலாமா? அவளுக்கு நான் செய்ததற்கு ஈடாக, என்னால் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் இது. என்னைக் கூட்டிப்போங்கள். கூட ஒரு லேடி போலீஸ் வரட்டும், பரவாயில்லை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்குவமாகச் சொல்கிறேன். என் முகத்தை இந்தத் தடவை பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வேண்டாம், அங்கே அவள் அழுதுகொண்டிருக்கக்கூடும். பள்ளிக்கூடத்துக்கே போவோம், சாப்பாட்டு இடைவேளையில். இரண்டு மாதம் ஆகிவிட்டதே, இப்போது மறுபடி சிரிக்கத் தொடங்கியிருப்பாள்.